ஒரு தீபகற்பம், இரண்டு கணக்கேடுகள்: கரையோரச் சூரை மீன்வள மதிப்பீட்டில் வட்டார ஒத்துழைப்பு

கோலாலம்பூரின் செலாயாங் மொத்தச் சந்தையில் மீன் பகுதி ஊர் உறங்கும் நேரத்தில்தான் சூடு பிடிக்கும். கோலப் பெர்லிஸ், கோலக் கெடா பக்கமிருந்தும், தீபகற்பத்தின் மறுபுறம் குவாந்தான், கோலத் திரங்கானு, தோக் பாலி பக்கமிருந்தும் ஐஸ் பெட்டிகளோடு லாரிகள் வந்து சேர்கின்றன. விடிவதற்குள் அந்தப் பெட்டிகள் பிரிக்கப்பட்டு, கிள்ளான், செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ் என்று கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதற்கும் கிளம்பிவிடும். பெட்டிக்குள் நீலம் பாய்ந்த முதுகும் உருட்டுக்கட்டை உடம்புமாகக் கிடக்கும் மீனுக்கு அங்கே ஒரே பெயர்: தொங்கோல். எந்தக் கடலில் பிடித்தது, எந்த இனம் என்று கேட்பவர் அரிது. விலையை முடிவு செய்வது பருமனும் பசுமையும்தான்.

மீன்வள அறிவியலின் ஏடுகளில் நிலைமை நேர்மாறு. ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் கடல்களை எண்ணிட்டுப் பிரித்திருக்கிறது. மலாக்கா நீரிணை உட்பட மேற்குக் கரை 57ஆம் பகுதி. தென்சீனக் கடலைப் பார்த்த கிழக்குக் கரையும் சபா, சரவாக்கும் 71ஆம் பகுதி. முன்னது இந்தியப் பெருங்கடல் கணக்கிலும், பின்னது மேற்கு மத்திய பசிபிக் கணக்கிலும் சேரும். கோலப் பெர்லிஸில் இறங்கிய மீனின் எடை சீஷெல்ஸ் தீவிலுள்ள ஓர் ஆணையத்துக்கு அறிக்கையாகப் போகிறது. தோக் பாலியில் இறங்கிய மீனுக்கு அப்படி ஒரு முகவரி இல்லை. சந்தையில் கலந்துவிடும் இரண்டும் ஏட்டில் சந்திப்பதே இல்லை. தென்கிழக்காசியாவில் கரையோரச் சூரைகளைக் காப்பதற்கான வட்டார ஒத்துழைப்பு பத்தாண்டுகளுக்கும் மேலாக நல்ல அறிவியலை உண்டாக்கியும் நிர்வாகமாக மாறாததற்கு இந்த ஏட்டுப் பிரிவினையே முதல் காரணம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கரையோரச் சூரை என்று இங்கே சொல்லப்படுவது ஆழ்கடலின் மஞ்சள் துடுப்புச் சூரையையோ பெருங்கண் சூரையையோ அல்ல. கண்டத்திட்டை ஒட்டித் திரியும் நான்கு இனங்கள்: நீள்வால் சூரை, தமிழகக் கரையில் வெறுமனே சூரை எனப்படும் கவகவா, எலிச்சூரையும் அதன் நெருங்கிய உறவான உருளைச் சூரையும். நிர்வாக ஏடுகளில் இவற்றோடு இரண்டு தெங்கிரி இனங்களும் சேர்க்கப்படுகின்றன. தமிழ்நாட்டார் வஞ்சிரம் என்று கொண்டாடும் குடும்பம் அது. இந்த ஆறும் பெரும்பாலும் பிடித்த வட்டாரத்திலேயே தின்று தீர்க்கப்படுபவை. திரங்கானுவின் நாசி டாகாங்குக்குத் தொங்கோல் குழம்பு இல்லாமல் முடியாது. மலேசியத் தமிழர் வீட்டு விசேஷச் சமையலில் தெங்கிரிக்குத் தனி இடம். தாய்லாந்தில் நீள்வால் சூரையை டப்பாவில் அடைத்து ஏற்றுமதி செய்வதுண்டு. மற்றபடி இவற்றுக்கு ஐரோப்பிய வாடிக்கையாளரின் கண்காணிப்போ, சுற்றுச்சூழல் முத்திரை கேட்கும் பேரங்காடிகளின் நெருக்குதலோ கிடையாது.

புறக்கணிப்பின் வேர் இங்கேதான். பசிபிக்கில் நவுரு உடன்படிக்கை நாடுகள் 2007இல் தொடங்கிய கப்பல் நாள் திட்டம், வரிச்சூரை பிடிக்கவரும் அந்நியக் கப்பல்களுக்கு நாள் கணக்கில் உரிமம் விற்றுச் சின்னஞ்சிறு தீவுகளின் வருவாயைப் பெருக்கியது. அங்கே மீனை எண்ணுவதற்குப் பணம் இருக்கிறது, எண்ணினால் மேலும் பணம் வருகிறது. மலாக்கா நீரிணைத் தொங்கோலை எண்ணினால் யாருக்கும் உரிமக் கட்டணம் வராது.

எண்ணும் முயற்சியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. அதில் தமிழ்க் கரைக்கும் பங்கு உண்டு. 1962 ஜனவரியில் இராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் முகாமில் சூரை, வஞ்சிரம், கானாங்கெளுத்தி வகைகளைப் பற்றிய கருத்தரங்கு கூடியது. இந்த வட்டார மீன்களைப் பற்றிய அறிவை ஒரே இடத்தில் திரட்டிய தொடக்க முயற்சிகளில் அது ஒன்று. அதன் தொகுதிகள் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. 1982இல் கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தோ-பசிபிக் சூரைத் திட்டம் வந்தது. அதன் வாரிசாக, மேலே சொன்ன சீஷெல்ஸ் ஆணையமான இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 1996இல் நடைமுறைக்கு வந்தது. மலேசியா 1998இல் அதில் சேர்ந்தது. ஆணையத்தின் பொறுப்பிலுள்ள 16 இனங்களில் நாம் மேலே சொன்ன ஆறும் அடக்கம். ஆனால் இந்த ஆறுக்கென்று தனிப் பணிக்குழு கூட 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் கூட்டம் அந்த நவம்பரில் சென்னையில். அடுத்த ஆண்டுக் கூட்டம் பினாங்கில்.

ஆணையத்தின் எல்லை மேற்குக் கரையோடு முடிகிறது. கிழக்கே உள்ள இடைவெளியை நிரப்புவது 1967இல் தொடங்கிய தென்கிழக்காசிய மீன்வள மேம்பாட்டு மையம், சுருக்கமாக சீஃப்டெக். ஆசியான் நாடுகளில் பத்தும் ஜப்பானும் அதன் உறுப்பினர்கள். கடல் மீன்வள நிர்வாகத்துக்கான அதன் துறை 1992 முதல் கோலத் திரங்கானுவில் இயங்குகிறது. கரையோரச் சூரைகளுக்கான வட்டாரச் செயல்திட்டம் 2015இல் ஏற்கப்பட்டது. அதற்கு முந்திய நவம்பரில், செலாயாங்கிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் ஷா ஆலமில், மதிப்பீட்டுக்கான அறிவியல் பணிக்குழு முதன்முறை கூடியது. நாடுகள் தத்தம் பிடி விவரங்களைக் கொண்டுவந்து, ஒரே மென்பொருளில் இட்டு, ஒரே மேசையில் விடை காணப் பழகின. நீள்வால் சூரையும் கவகவாவும் முதலில், தெங்கிரிகள் பின்னர். ஒவ்வோர் இனத்தையும் பசிபிக் பக்கம், இந்தியப் பெருங்கடல் பக்கம் என இரண்டு தொகுதிகளாக எடுத்துக்கொண்டார்கள்.

சிக்கல் இங்கேதான் கூர்மையாகிறது. மலாக்கா நீரிணையின் நீள்வால் சூரையை சீஃப்டெக் குழு அந்தமான் கடலைச் சேர்ந்த தனித் தொகுதியின் அங்கமாக மதிப்பிடுகிறது. சூரை ஆணையமோ இந்தியப் பெருங்கடல் முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொள்கிறது. அந்தப் பெருங்கடலில் நீள்வால் சூரையை மிக அதிகமாகப் பிடிக்கும் நாடு ஈரான். கருவி, செவுள் வலை. ஆகவே ஆணையத்தின் கணக்கில் கோலப் பெர்லிஸ் மீனின் உடல்நலம் ஓமான் வளைகுடாவின் வலைகளால் தீர்மானமாகிறது. நீள்வால் சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகிறது என்று ஆணையத்தின் மதிப்பீடுகள் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கின்றன. அந்த எச்சரிக்கை பெர்லிஸ் படகோட்டிக்குப் பொருந்துமா? நேர்மையான அறிவியலாளர் எவரும் உடனே ஆம் என்று சொல்லத் தயங்குவார். அந்தத் தயக்கமே நிர்வாகிக்குச் சும்மா இருக்கக் கிடைத்த அனுமதிச் சீட்டாகிவிடுகிறது.

உறுப்பினர் பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்த்தால் ஓட்டை இன்னும் தெளிவாகும். இந்தியாவும் இலங்கையும் ஆணையத்தில் உண்டு, சீஃப்டெக்கில் இல்லை. மியன்மார் சீஃப்டெக்கில் உண்டு, ஆணையத்தில் இல்லை. அந்தமான் கடலைச் சுற்றியுள்ள எல்லா நாடுகளும் ஒரே மேசையில் அமர்ந்த முயற்சி ஒன்று உண்டு: 2009 முதல் 2015 வரை புக்கெட்டை மையமாகக் கொண்டு எட்டு நாடுகள் நடத்திய வங்காள விரிகுடாப் பெருங்கடற்சூழல் திட்டத்தின் முதல் கட்டம். அது இலிசையையும் கானாங்கெளுத்தியையும் பகிர்வு மீன்களாக எடுத்துக்கொண்டது. நம் ஊரில் கெம்போங் எனப்படும் கானாங்கெளுத்திக்குக் கிடைத்த அந்தக் கவனம் தொங்கோலுக்குக் கிடைக்கவில்லை.

சட்டமும் பெரிதாக உதவவில்லை. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட ஒப்பந்தம், தொலைவலசை போகும் இனங்களுக்கு நாடுகள் ஒத்துழைக்க வேண்டும் என்று 64ஆம் பிரிவில் சொல்லி, அவற்றின் பட்டியலை முதல் இணைப்பில் தருகிறது. கவகவாவும் எலிச்சூரையும் உருளைச் சூரையும் அதில் இருக்கின்றன. நீள்வால் சூரை இல்லை, தெங்கிரியும் இல்லை. இவற்றுக்கு அண்டை நாடுகளின் கடல்களில் பரவிய தொகுதிகளைப் பற்றிய 63ஆம் பிரிவே துணை. அது உடன்பாடு காண முயலும்படி மட்டுமே கேட்கிறது. ஒரே வலையில், ஒரே வீச்சில் அகப்படும் மீன்கள் இரண்டு வேறு சட்டக் கடமைகளின் கீழ் வருகின்றன என்பதை ஒப்பந்தம் எழுதியவர்கள் யோசித்திருக்க வாய்ப்பில்லை.

இனி எண்களின் தரத்துக்கு வரலாம். ஒரு தொகுதியின் நிலையைச் சொல்ல இரண்டு தகவல்கள் வேண்டும்: எவ்வளவு பிடித்தார்கள், எவ்வளவு பாடுபட்டுப் பிடித்தார்கள். இரண்டாவது கிடைக்காததால் ஆணையம் இந்த இனங்களுக்குப் பல ஆண்டுகள் பிடி வரலாற்றை மட்டும் வைத்து ஊகிக்கும் முறைகளையே நம்பியிருந்தது. நோயாளியைப் பார்க்காமல் மளிகைக் கடைச் சிட்டையை மட்டும் வைத்து மருத்துவர் நோயைக் கணிப்பது போன்றது அது. அந்தச் சிட்டையும் முழுதாக இல்லை. பல நாடுகளின் பிடியைச் செயலகமே மதிப்பிட்டு நிரப்புகிறது. சீஃப்டெக் குழு முயற்சிக்கேற்ற பிடியையும் சேர்த்துக்கொண்டது ஒரு படி முன்னேற்றம். ஆனால் அந்த முயற்சி எப்படி அளக்கப்படுகிறது? சுருக்குமடிப் படகு கடலில் எத்தனை நாள் நின்றது என்பதே வழக்கமான அளவை. மீன்கூட்டத்தைத் தேடி அலைந்த காலம் போய், இன்று அதே படகு உஞ்சாம் என்னும் மிதவைக்கூட்டின் கீழும் விளக்கொளியிலும் மீனைத் திரட்டி வளைக்கிறது. ஒரு நாள் என்பது முன்பிருந்த ஒரு நாள் அல்ல. இதைத் திருத்தாமல் போட்ட கணக்கு, கடலில் மீன் குறைந்தாலும் ஏட்டில் குறைவைக் காட்டாது.

இனம் பிரிப்பது அடுத்த தலைவலி. கவகவாவுக்கு முதுகில் அலையலையான சாய்கோடுகளும் மார்புத் துடுப்புக்குக் கீழே கரும்புள்ளிகளும் உண்டு. நீள்வால் சூரைக்குக் கோடுகள் இல்லை. பின்னுடல் ஒடுங்கி நீண்டிருக்கும். பழகிய கண்ணுக்கு இது எளிது. எலிச்சூரையையும் உருளைச் சூரையையும் பிரிக்கவோ முதுகுத் துடுப்புக்குக் கீழே செதில் பட்டையின் அகலத்தைப் பார்க்க வேண்டும். ஐஸில் நசுங்கி வந்த மீனில் அதை யார் பார்ப்பார்கள்? வயது விஷயமும் சாதாரணமல்ல. ஆஸ்திரேலியக் கடலின் நீள்வால் சூரையைச் செவிக்கல் கொண்டு ஆராய்ந்தவர்கள் அது 18 ஆண்டுகள் வரை வாழக்கூடியது, மெதுவாக வளர்வது என்று கண்டார்கள். வேகமாக வளரும் மீன் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுபவருக்கும் இவர்களுக்கும் கிடைக்கும் விடைகளுக்கு நடுவே ஒரு கப்பற்படையையே நிறுத்தலாம்.

தரவு போதவில்லை என்பது உண்மை. அதனால் காத்திருப்போம் என்பது அதிலிருந்து பிறக்கும் முடிவல்ல. தமிழ்நாட்டு அனுபவம் இங்கே பாடம் தரும். சுருக்குமடிக்கு 2000ஆம் ஆண்டில் மாநில அரசு தடை விதித்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவாக, 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று அனுமதி அளித்தது. நாட்டுப்படகு மீனவரும் சுருக்குமடி மீனவரும் மோதிக்கொண்ட கரைகளில் இந்த விதி எவருக்கும் முழுத் திருப்தி தரவில்லை. ஆனாலும் கருவி, தூரம், நாள், நேரம் ஆகிய நான்கையும் கட்டுப்படுத்த எந்த இனத்தின் துல்லியமான இருப்புக் கணக்கும் தேவைப்படவில்லை என்பது கவனத்துக்குரியது. மலேசியாவின் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் கீழ் இயங்கும் மண்டல முறையும் கரையிலிருந்து தூரத்தையும் படகின் அளவையும் வைத்து வகுக்கப்பட்டதே. உள்நாட்டில் முடிந்தது அண்டை நாட்டோடு சேர்ந்து ஏன் முடியாது?

இறையாண்மைக் கூச்சம் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. எல்லைப் பிணக்குகள் கொதிக்கும் தென்சீனக் கடலில், எந்தப் படகு எங்கே நின்றது என்று சொல்வதே அரசியல். ஆகவே பத்து நாடுகளும் ஒன்றுகூடி ஒதுக்கீடு பிரிக்கும் நாளை எதிர்பார்ப்பது வீண். மலேசியாவும் தாய்லாந்தும் மட்டும், இருபுறமும் கடலைப் பகிரும் நாடுகள் என்ற முறையில், சுருக்குமடிப் படகுகளின் எண்ணிக்கையையும் உஞ்சாம்களின் எண்ணிக்கையையும் பரிமாறிக்கொண்டு உறையவைப்பதிலிருந்து தொடங்கலாம். 2015இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மஞ்சள் அட்டை வாங்கி, 2019இல் அதிலிருந்து விடுபடுவதற்குள் தாய்லாந்து தன் படகுப் பதிவேட்டையும் கண்காணிப்பையும் பெருமளவு சீரமைத்துவிட்டது. கொடுக்க அதனிடம் ஏடு இருக்கிறது. கேட்கத்தான் ஆள் வேண்டும்.

செலாயாங்குக்கும் இதில் வேலை உண்டு. மொத்தச் சந்தை, பிடி முயற்சியைச் சொல்லாது, அதைத் துறைமுகம்தான் சொல்ல முடியும் என்ற மறுப்பு சரியானதே. ஆனால் இரண்டு கடல்களின் மீனும் அயல்நாட்டு உறைமீனும் ஒரே கூரையின் கீழ் கூடும் இடம் நாட்டில் வேறு எத்தனை? பயிற்சி பெற்ற பதிவாளர் இருவர், மாதத்தில் சில இரவுகள், பெட்டிகளில் மாதிரி எடுத்து இனத்தையும் நீளத்தையும் குறித்தாலே, துறைமுக அறிக்கைகள் தொங்கோல் என்று ஒன்றாகச் சேர்த்து எழுதியதில் எந்த இனம் எவ்வளவு என்பதைச் சரிபார்க்க முடியும். சந்தையை நடத்துவது கோலாலம்பூர் மாநகர மன்றம். மீனை எண்ணுவது மீன்வளத் துறை. மீன் வாணிபத்தைக் கவனிப்பது மீன்வள மேம்பாட்டு வாரியம். லாரியோடு வரும் சீட்டில் இறங்குதுறையின் பெயரையும் இனத்தின் பெயரையும் எழுதவேண்டும் என்று இந்த மூன்று அலுவலகங்களும் சேர்ந்து ஒரு சுற்றறிக்கை விட, ஆசியான் அமைச்சர்கள் கூடத் தேவையில்லை.