ஏலத்தோட்டக் கூலியும் கல்லூரிச் சேர்க்கையும்: கம்பம் பள்ளத்தாக்கில் பெற்றோரின் பங்கு

கூலி வீட்டுப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டால், ‘பெற்றோருக்கு அக்கறை இல்லை’ என்று காரணம் சொல்லப்படுகிறது. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து அக்காரணத்தை இக்கட்டுரை மறுக்கிறது. வருமானமும் வர்க்கமும் பெற்றோரின் அக்கறையை அளப்பதில்லை. அந்த அக்கறை எவ்வடிவம் எடுக்க முடியும் என்பதையே தீர்மானிக்கின்றன.

1895-இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீரால் இங்கே நெல்லும் திராட்சையும் செழித்தன. நிலமுள்ளோர், இடுக்கி மலையில் ஏலத்தோட்டம் வைத்திருப்போர், அத்தோட்டங்களில் கூலி வேலை செய்வோர் என மூன்று வாழ்நிலைகள் அருகருகே உள்ளன. கல்லூரிகளும் தொலைவில் இல்லை. உத்தமபாளையத்தில் 1956-இலேயே ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி வந்துவிட்டது. போடியில் ஏலக்காய் விவசாயிகள் சங்கமே ஒரு கல்லூரியை நிறுவியது. ஆகவே, தடையை வேறிடத்தில் தேட வேண்டும்.

கம்பம், கூடலூர், போடிப் பகுதிப் பெண்கள் காலையிலேயே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்புகிறார்கள். வேலைநாளில் பகலில் நடக்கும் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். சேர்க்கைக் கட்டணம் கட்ட வேண்டிய மே, ஜூன் மாதங்களோ காய் பறிப்பு முழுவீச்சை எட்டாத மாதங்கள். அக்காலத்தில் கடன் வாங்கிப் பணம் கட்டுவதும், சம்பாதிக்கும் வயது வந்த பிள்ளையைத் தோட்டத்துக்கு அழைக்காமல் இருப்பதும் பெற்றோரின் பங்கே. பெற்றோர் கூட்டத்தின் வருகைப் பதிவேட்டில் இவற்றுக்கு இடமில்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் அனெட் லரோ 1989-இல் வெளியிட்ட ஆய்வில், உழைக்கும் வர்க்கப் பெற்றோர் கல்வியை ஆசிரியரின் பொறுப்பாகக் கருதி ஒப்படைப்பதையும், நடுத்தர வர்க்கப் பெற்றோர் அதில் நேரடியாகத் தலையிடுவதையும் காட்டினார். பொறியியல் கலந்தாய்வில் இவ்வேறுபாடு துலங்குகிறது. வசதியுள்ள தந்தை படித்த உறவினர்களிடம் விசாரித்து, கல்லூரிகளை நேரில் பார்த்து, விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்துகிறார். கூலி வீட்டில் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றுக்காக இ-சேவை மையத்துக்கு அலைவதற்கே வேலைநாட்கள் கழிகின்றன. ஓடிபி வரும் செல்போன் அம்மாவுடன் மலைத்தோட்டத்தில் இருந்தால் விண்ணப்பம் மாலைவரை நிற்கும். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்ற முடிவு ஆசிரியர் கையிலோ கல்லூரியில் படிக்கும் அக்கா கையிலோ போய்ச் சேருகிறது. செலவைச் சுமப்பவர் ஒருவர், தேர்ந்தெடுப்பவர் வேறொருவர் என்று பெற்றோரின் பங்கு இரண்டாகப் பிரிகிறது.

2010-இல் வந்த முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையும், மாதம் ரூ. 1,000 வழங்கும் புதுமைப் பெண் (2022), தமிழ்ப் புதல்வன் (2024) திட்டங்களும் செலவுச் சுமையைக் குறைத்திருக்கின்றன. அவற்றின் பயனை மறுக்க முடியாது. பணம்தான் ஒரே தடை என்றால் இவை போதும். ஆனால் தேர்ந்தெடுக்கும் அறிவை உதவித்தொகை தந்துவிடாது. ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கே கிடைக்கும் முதல் பட்டதாரிச் சலுகை, அப்பிள்ளை படித்ததுமே குடும்பத்தின் இல்லாமை தீர்ந்துவிட்டதாகக் கொள்கிறது. தம்பி கல்லூரிக்குப் போகும்போதும் பெற்றோர் அதே கூலிக்குத்தான் ஜீப் ஏறுகிறார்கள்.

எனவே, பெற்றோர் கூட்டங்களை ஞாயிற்றுக்கிழமையிலோ மாலையிலோ ஊருக்குள் நடத்த வேண்டும். விருப்பப் பட்டியல் நிரப்பும் நாட்களில் பயிற்சி பெற்ற வழிகாட்டி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் இருக்க வேண்டும். வழிகாட்டும் அக்கா, அண்ணனையும் பெற்றோரோடு சேர்த்து அழைக்க வேண்டும். கூலிப் பெற்றோர் தம்மால் இயன்ற பங்கை ஏற்கெனவே செலுத்திவிட்டார்கள். எஞ்சிய பங்கு பள்ளியுடையது, அரசுடையது.