நியூயார்க் சிப்பி உணவு

நியூயார்க் சிப்பி உணவு என்பது 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூயார்க் நகரத்து வீடுகளிலும் சிப்பிக்கடைகளிலும் விருந்தின் முன்னுணவாகப் பரிமாறப்பட்ட சிப்பி வகைகளைக் குறிக்கும். இந்தச் சிப்பி, முத்துச்சிப்பியினின்றும் வேறான குடும்பத்தைச் சேர்ந்தது; சதைக்காகவே எடுக்கப்பட்டது.

ஹட்சன் ஆறு கடலில் கலக்கும் இடத்தின் உவர்நீரில் சிப்பி மிகுதியாக விளைந்தது. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே லெனாப்பே பழங்குடியினர் அதை உண்டு, ஓடுகளைக் கரையில் மேடாகக் குவித்திருந்தனர். மன்ஹாட்டனின் பேர்ல் தெரு இவ்வோடுகளால் பெயர் பெற்றது. பின்னாளில் தெருவண்டிகளில் மலிவாக விற்கப்பட்டதால், கூலியாளும் வணிகரும் ஒரே சிப்பியைத்தான் உண்டனர்.

வெயில் காலத்தில் சிப்பி முட்டையிட்டு மெலியும், விரைவில் கெடும். எனவே செப்டம்பர் முதல் ஏப்ரல் வரையே அதற்குரிய பருவமாகக் கொள்ளப்பட்டது. வீட்டில் குட்டையான கத்தியால் ஓட்டின் கீலை நெம்பித் திறந்து, உள்ளிருக்கும் நீரைச் சிந்தாமல் சேர்த்துக்கொள்வர். சுவை பெரிதும் அந்நீரில்தான் உள்ளது. அந்நீரிலேயே சிப்பியைச் சூடாக்கி, ஓரம் சுருளத் தொடங்கியதும் காய்ச்சிய பால், வெண்ணெய், மிளகு சேர்த்தால் சாறு தயார். சற்றுத் தாமதித்தாலும் சதை ரப்பர்போல் ஆகிவிடும். உப்பு பிஸ்கட் தூளும் வெண்ணெயும் இட்டு அடுக்கி அடுப்பில் சுடுவது மற்றொரு முறை. இரண்டு அடுக்குக்கு மேல் வைத்தால் நடு அடுக்கு வேகாது என்று பாஸ்டன் சமையல் ஆசிரியை ஃபேனி ஃபார்மர் 1896-இல் வெளியிட்ட நூலில் எச்சரித்தார். 1824-இல் வந்த மேரி ராண்டால்ஃபின் வர்ஜீனியா சமையல் நூலில் சிப்பி ஐஸ்கிரீம்கூட உண்டு. அது பரவாததில் வியப்பில்லை.

மலிவான இவ்வுணவைச் சீமான்களின் மேசைக்குக் கொண்டு சென்றவர்களில் முதன்மையானவர் தாமஸ் டவுனிங் என்ற கறுப்பினத்தவர். 1791-இல் வர்ஜீனியாவின் கடற்கரை ஊரான சின்கோட்டீக்கில் பிறந்த அவர், 1825-இல் பிராட் தெருவில் நிலவறைக் கடை ஒன்றைத் திறந்தார். அவரது ஊறவைத்த சிப்பி கடல்கடந்தும் விற்றது. வங்கியாளரும் அரசியல்வாதிகளும் மேலே உண்டுகொண்டிருக்க, தென்மாநிலங்களிலிருந்து தப்பி வந்த அடிமைகள் அதே கட்டடத்தின் அடித்தளத்தில் ஒளித்துவைக்கப்பட்டனர். கறுப்பினத்தவரின் குடியுரிமையை உறுதிசெய்த சட்டம் 1866 ஏப்ரல் 9 அன்று நிறைவேறியது. டவுனிங் மறுநாள் இறந்தார். அவருக்கு மரியாதையாக நகர வணிகர் மன்றம் ஒரு நாள் மூடப்பட்டது.

நகரம் பெருகியபோது அதன் கழிவுநீர் துறைமுகத்தில் கலந்தது. நீரை வடிகட்டி இரை தேடும் சிப்பி, கழிவிலுள்ள கிருமிகளையும் தன்னுள் சேர்த்துக்கொண்டது. முழுதாக வேகாத சிப்பி ஆபத்தானது. 1924-25 குளிர்காலத்தில் லாங் தீவிலிருந்து சென்ற சிப்பிகளால் சிகாகோ, நியூயார்க், வாஷிங்டன் நகரங்களில் டைபாய்டு பரவி ஏறத்தாழ 1,500 பேர் நோயுற்றனர். சுமார் 150 பேர் இறந்தனர். இதன்பின் நாடு தழுவிய சுகாதாரக் கட்டுப்பாடு வந்தது. நகரின் கடைசிச் சிப்பிப் படுகைகள் 1927-இல் மூடப்பட்டன.

உணவகங்களில் மிஞ்சும் ஓடுகளைச் சேகரித்து, துறைமுகத்தில் மீண்டும் சிப்பி வளர்க்கும் திட்டம் 2014-இல் தொடங்கியது. அங்கு வளரும் சிப்பிகள் நீரைத் தூய்மைப்படுத்த உதவுகின்றன. உண்பதற்கு அனுமதி இல்லை.