ஆனர்ஸ் படிப்பு: ஒரு பாடத்திலிருந்து பல பாடங்களுக்கு

இளங்கலை மாணவர்களில் கூடுதலாக உழைக்க ஆயத்தமாக இருப்பவர்களுக்கென்று பல்கலைக்கழகங்கள் வகுத்துள்ள தனிப் படிப்பு ஆனர்ஸ் எனப்படும். இலங்கைத் தமிழர் இதனைச் சிறப்புப் பட்டம் என்பர். இன்று 'பல்துறை' என்ற சொல் இதனுடன் ஒட்டிக்கொண்டே வருகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் இவ்விரு சொற்களும் ஏறக்குறைய எதிரெதிரானவை. ஆனர்ஸ் படித்தவர் என்றால் ஒரே பாடத்தில் ஊறியவர் என்று பொருள்.

சென்னை மாநிலக் கல்லூரியில் சு. சந்திரசேகர் படித்த கதை இதற்கு நல்ல சான்று. அவருக்குக் கணிதத்தின் மீது ஆசை. தந்தை விரும்பியது இயற்பியல். 1930-இல் அவர் பெற்ற பட்டம் இயற்பியல் ஆனர்ஸ். ஆனால் கணித வகுப்புகளிலும் போய் அமர்ந்து பாடம் கேட்டார். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற அந்த மாணவர், படிப்பின் திட்டத்தை மீறித்தான் இரண்டு துறைகளைத் தொட வேண்டியிருந்தது.

ஒரு பாட ஆனர்ஸ் இங்கிலாந்திலிருந்து வந்தது. ஆக்ஸ்போர்டில் 1800-இல் தேர்வுமுறை சீர்திருத்தப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் செவ்வியல் கல்வி, கணிதம் என இரண்டு ஆனர்ஸ் பிரிவுகள் அமைந்தன. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. 'கிரேட்ஸ்' என்று அழைக்கப்பட்ட அந்தச் செவ்வியல் பிரிவு பின்னாளில் மொழி, வரலாறு, தத்துவம் ஆகிய மூன்றையும் சேர்த்தே கற்பித்தது. துறைகள் தனித்தனியே பிரிந்து வளர்ந்த பிறகுதான் 'ஒரு பாடம்' என்ற எண்ணம் உறுதிப்பட்டது. கிரேக்கமும் இலத்தீனும் இல்லாமல் அதே அகலத்தைத் தர வேண்டும் என்ற நோக்கில், 1920-இல் தத்துவம், அரசியல், பொருளியல் மூன்றையும் இணைத்த பட்டம் ஆக்ஸ்போர்டில் தொடங்கியது. பாகிஸ்தான் பிரதமராக இருந்த பெனசீர் பூட்டோ படித்தது இதைத்தான்.

புதன்கிழமை மாலை வகுப்பு

அதே 1920-இல் நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில் வேறொரு சோதனை நடந்தது. ஆங்கிலப் பேராசிரியர் ஜான் எர்ஸ்கின் 'பொது ஆனர்ஸ்' என்னும் படிப்பைத் தொடங்கினார். முதல் உலகப் போருக்கு முன்பே அவர் முன்வைத்த யோசனை இது, போரினால் தள்ளிப்போனது. கடைசி இரண்டு ஆண்டு மாணவர்களில் தேர்ந்தெடுத்த சிலர் வாரத்துக்கு ஒரு பெருநூலைப் படித்துவிட்டு வரவேண்டும். புதன்கிழமை மாலை இரண்டு மணி நேரம் மேசையைச் சுற்றி அமர்ந்து விவாதிக்க வேண்டும். விரிவுரை கிடையாது. ஹோமர், பிளேட்டோ, தாந்தே என்று எல்லாம் மொழிபெயர்ப்பில்தான். ஒவ்வொரு குழுவிலும் பதினைந்து பேர் அளவில் மாணவர்கள், இரண்டு ஆசிரியர்கள். அந்த இருவரும் ஒத்த கருத்துடையவர்களாக இல்லாமல், மாணவர் முன்னிலையிலேயே ஒருவரோடொருவர் வாதிடக்கூடியவர்களாக இருப்பது நல்லது என்று கருதப்பட்டது.

சக பேராசிரியர்கள் கொதித்தார்கள். ஆயுள் முழுவதும் ஹோமரைப் படித்தவர்கள் இருக்கும்போது ஒரே வாரத்தில் ஹோமரா என்று கேட்டார்கள். இந்நூல்கள் பேராசிரியர்களுக்காக எழுதப்பட்டவை அல்ல, சாதாரண மனிதர்களுக்காக எழுதப்பட்டவை என்பதே எர்ஸ்கினின் நிலை. என் பார்வையில் இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஒரு வாரத்தில் ஒருவர் ஹோமர் அறிஞர் ஆகிவிட முடியாது. ஆனால் அறிஞர் சொல்லித்தான் ஒரு நூலைத் தொட வேண்டும் என்றால், பெரும்பாலோர் எந்த நூலையும் தொடாமலே போய்விடுவார்கள்.

முதல் சில ஆண்டுகளின் மாணவர்களில் ஒருவர் மார்ட்டிமர் ஆட்லர். நீச்சல் தேர்வை முடிக்காததால் அவருக்கு அப்போது இளங்கலைப் பட்டம் வழங்கப்படவில்லை. ஆயினும் அவர் அதே படிப்பில் ஆசிரியராகி, முனைவர் பட்டமும் பெற்றார். 1930-இல் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் அவரை அழைத்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து அங்கே முதலாண்டு மாணவர்களுக்கு இதே முறையில் பாடம் நடத்தினார்கள். கொலம்பியாவில் 1937-இல் இதன் வழிவந்த ஒரு பாடம் முதலாண்டு மாணவர் அனைவருக்கும் கட்டாயமானது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பட்டியலில் இருந்தவை மேற்கத்திய நூல்கள். அந்த மேசையைச் சுற்றி அமர்ந்த மாணவர் எல்லோரும் ஆண்கள். கொலம்பியா கல்லூரி பெண்களைச் சேர்த்தது 1983-இல்தான்.

வெளியார் வைத்த தேர்வு

பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோர் கல்லூரி வேறு வழியில் போயிற்று. இங்கே மாணவரும் மாணவியரும் சேர்ந்தே படித்தனர். இதன் தலைவர் பிராங்க் எய்டலாட், ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டில் பயின்றவர். எல்லா மாணவரையும் படைவீரரைப் போல ஒரே நடையில் நடத்துவது அவருக்குப் பிடிக்கவில்லை. 1922-இல் ஆங்கில இலக்கியம், சமூக அறிவியல் என்ற இரண்டு பிரிவுகளில் ஆனர்ஸைத் தொடங்கினார். கடைசி இரண்டு ஆண்டுகள் வழக்கமான வகுப்புகள் இல்லை. சிறு கருத்தரங்குகள் மட்டும். முடிவில் பிற கல்லூரிகளிலிருந்து வந்த பேராசிரியர்கள் எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் நடத்தினர்.

இந்தக் கடைசி ஏற்பாடுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். மதிப்பெண் போடுபவர் வெளியார் ஆனதும், வகுப்பு ஆசிரியரும் மாணவரும் ஒரே அணியில் நிற்கிறார்கள். ஆசிரியரிடம் 'இது எனக்குப் புரியவில்லை' என்று சொல்வதால் மாணவருக்கு இழப்பு ஒன்றுமில்லை.

இதற்கெல்லாம் பணம் வேண்டும். பதினைந்து மாணவருக்கு இரண்டு ஆசிரியர் என்பது எந்தக் கல்லூரிக்கும் சுமை. ஸ்வார்த்மோருக்கு அறக்கட்டளை நிதி கைகொடுத்தது. பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு இம்முறை பரவியது பின்னர்தான். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 1956-இல் தனி ஆனர்ஸ் கல்லூரி தொடங்கியது. அடுத்த ஆண்டு சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும் திறமையான மாணவர்களை வளர்ப்பது அமெரிக்காவுக்குத் தேசியக் கவலையாகிவிட்டது. ஆனர்ஸ் படிப்புகள் வேகமாகப் பெருகின. 1966-இல் அவற்றுக்கென நாடளாவிய கூட்டமைப்பு ஒன்றும் உருவானது.

இந்தியாவில்

டெல்லிப் பல்கலைக்கழகம் 2013-இல் நான்காண்டு இளங்கலைப் பட்டத்தைக் கொண்டுவந்தது. எல்லாத் துறை மாணவரும் பொது அடிப்படைத் தாள்களைப் படிக்க வேண்டும் என்றது. எதிர்ப்பு வலுத்து அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை நான்காண்டுப் பட்டத்தை மீண்டும் கொணர்ந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட சட்டகத்தின்படி ஆனர்ஸ் பட்டத்துக்குக் குறைந்தது 160 கிரெடிட் தேவை. முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்றவர்கள் ஆய்வுடன் கூடிய ஆனர்ஸுக்குப் போகலாம்.

அந்த 160-இல் பல்துறைப் பாடங்கள் என்ற தலைப்பில் வருவது 9 கிரெடிட். துணைப்பாடம் தனியாக உண்டு என்றாலும், பெரும்பகுதி முதன்மைப் பாடத்துக்கே போகிறது. அறிவியல் மாணவர் வரலாற்றில் ஓர் அறிமுகத் தாள் எழுதுவார். வரலாற்று மாணவர் கணினியில் ஓர் அறிமுகத் தாள் எழுதுவார். எர்ஸ்கின் செய்தது வேறு. ஒரே நூலை வெவ்வேறு துறை ஆர்வமுள்ளவர்கள் ஒரே மேசையில் படித்தார்கள். அங்கே துறைகள் மோதிக்கொண்டன. தனித்தனித் தாள்களில் அவை சந்திப்பதே இல்லை.

பல்துறை ஆனர்ஸ் என்று விளம்பரம் செய்யும் கல்லூரியில் சேர நினைக்கும் மாணவர் பாடப் பட்டியலோடு இன்னும் மூன்றைக் கேட்டறியலாம்: வகுப்பில் எத்தனை பேர், பேசுபவர் ஆசிரியர் மட்டுமா, தாளைத் திருத்துபவர் யார்.