சீனரின் ஊசி மருத்துவம்: மரபும் மறுவாக்கமும்

தொன்மை ஒரு கலைக்குப் பெருமை தருவதாயினும், அக்கலையின் உண்மை வரலாற்றை மறைத்துவிடவும் வல்லது. அக்குபங்சர் எனப்படும் சீன ஊசி மருத்துவத்தைப் பற்றிப் பேசுவோர், அதனைப் பல்லாயிரம் ஆண்டுகளாக மாற்றமின்றி வழங்கிவரும் மரபென்று கூறுவது வழக்கம். சான்றுகளை நோக்குமிடத்து, மாற்றமின்மையன்று, ஓயாத மாற்றமே அதன் வரலாறு என்பது புலனாகும்.

உடலில் ‘சீ’ என்னும் உயிராற்றல் நாளங்கள் வழியே ஓடுகின்றது. அவ்வோட்டம் தடைப்படினும், யின், யாங் என்னும் எதிரிணைகளின் சமநிலை குலையினும் நோய் தோன்றும். குறித்த புள்ளிகளில் ஊசி செலுத்தி அதனைச் சீர்செய்யலாம். இதுவே இம்மருத்துவத்தின் அடிப்படைக் கோட்பாடாகும்.

இக்கோட்பாடு ஒரே காலத்தில் முழுமையாய்த் தோன்றியதன்று. சாங்சா நகரையடுத்த மாவாங்துயியில், கி.மு. 168 இல் மூடப்பட்ட கல்லறையொன்று 1973 இல் அகழப்பட்டது. அங்கு கிடைத்த மருத்துவச் சுவடிகள் பதினொரு நாளங்களை விவரிக்கின்றன. மூலிகையை எரித்துச் சூடிடும் சிகிச்சையைக் கூறுகின்றன. ஆனால் நாளங்களில் ஊசி செலுத்தும் முறையைக் கூறவில்லை. கி.மு. இரண்டாம், முதலாம் நூற்றாண்டுகளையொட்டித் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் ‘மஞ்சட் பேரரசரின் அகநூல்’ என்னும் நூலிலோ நாளங்கள் பன்னிரண்டு. ஊசிகள் ஒன்பது வகை. அவ்வூசிகளுட் சில, கட்டிகளைக் கீறிச் சீழகற்றும் கத்திகளை ஒத்தவை. இன்றைய மயிரிழை போன்ற ஊசி மட்டுமே அன்றைய மருத்துவனின் கருவியாயிருக்கவில்லை.

பின்வந்த நூற்றாண்டுகள் இவ்வறிவை ஒழுங்குபடுத்தின. மூன்றாம் நூற்றாண்டில் ஹுவாங்ஃபு மீ ஊசி மருத்துவத்துக்கெனத் தனிநூல் தொகுத்தார். சொங் அரசமரபுக் காலத்தில், வாங் வெய்யீ என்பாரின் மேற்பார்வையில், 1027 இல் புள்ளிகள் துளையிடப்பட்ட இரு வெண்கல மனித உருவங்கள் வார்க்கப்பட்டன. மருத்துவ மாணவரைப் பரீட்சிக்கவும் அவை பயன்பட்டனவென்பர். கலை அரசின் கல்வியாயிற்று.

அரசு அளித்த இடத்தை அரசே பறித்தது. 1822 இல், மஞ்சு மரபினரான தாவோகுவாங் பேரரசர் அரண்மனை மருத்துவக் கழகத்தில் ஊசி மருத்துவப் பிரிவை நீக்கினார். ஊசியாற் குத்துவதும் நெருப்பாற் சுடுவதும் அரசர் மேனிக்கு ஒவ்வா என்பதே கூறப்பட்ட காரணம். 1929 இல், மேனாட்டு மருத்துவம் கற்றோர் சீன மருத்துவம் முழுவதையுமே படிப்படியாக ஒழிக்கும் திட்டமொன்றைக் குவோமின்டாங் அரசின்முன் வைத்தனர். மரபு மருத்துவர் சங்கைநகரிற் கூடி எதிர்த்தமையால் அது கைவிடப்பட்டது.

இந்நெருக்கடியே மறுவாக்கத்துக்கு வழிகோலியது. செங் தான்ஆன் என்னும் மருத்துவர், 1930 களில், உடற்கூற்றியலைத் துணைக்கொண்டு புள்ளிகளின் இருப்பிடங்களை மீள வரையறுத்தார். குருதிக் கலன்களை ஊறுபடுத்தாத மெல்லிய ஊசிகளைப் பரப்பினார். 1949 இல் ஆட்சிக்கு வந்த கொம்யூனிஸ்ட் கட்சிக்கு ஐம்பது கோடிக்கு மேற்பட்ட மக்களின் சுகாதாரம் பெருஞ்சுமையாயிற்று. மேனாட்டு மருத்துவம் பயின்றோரோ மிகச் சிலர். மரபு மருத்துவரையும் பயன்படுத்த அரசு முடிவுசெய்தது. 1956 இல் பெய்ஜிங், சங்கை, குவாங்சௌ, செங்து ஆகிய நகரங்களில் சீன மருத்துவக் கல்லூரிகள் நிறுவப்பட்டன. ஒன்றோடொன்று முரண்பட்ட குருகுல மரபுகள் பாடநூல்களில் ஒரே முறைமையாக இணைக்கப்பட்டன. உலகம் இன்று அறிந்திருப்பது பெரிதும் இவ்விணைப்பையே.

யப்பானில் இம்முறையைக் கண்ட ஒல்லாந்த மருத்துவர் வில்லெம் தென் றைன 1683 இலேயே இதுபற்றி இலண்டனில் நூல் வெளியிட்டாராயினும், அமெரிக்கரின் பேரார்வம் 1971 இலேயே எழுந்தது. பெய்ஜிங்கில் குடல்வால் அகற்றப்பட்ட பத்திரிகையாளர் ஜேம்ஸ் றெஸ்ரன், தமக்கு ஊசி மருத்துவம் செய்யப்பட்டதை ‘நியூயோர்க் ரைம்ஸ்’ இதழில் எழுதினார். சத்திரசிகிச்சை வழக்கமான மயக்கமருந்துடனேயே நடந்தது; பின்னர் எழுந்த வயிற்று உபாதைக்கே ஊசி பயன்பட்டது. ஊசியினாலேயே சத்திரசிகிச்சை நடந்ததென்னும் கதை பரவியமை, வியப்பு சான்றை எவ்வாறு விழுங்கும் என்பதற்கு எடுத்துக்காட்டாகும்.

சான்று கூறுவது யாது? நாட்பட்ட நாரிநோவுடைய 1,162 பேரிடம் ஜேர்மனியில் நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவு 2007 இல் வெளியாயிற்று. ஆறு மாதங்களின் பின், மரபுப் புள்ளிகளில் ஊசியேற்றோருள் 47.6 வீதத்தினரும், புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசியேற்றோருள் 44.2 வீதத்தினரும், வழக்கமான சிகிச்சை பெற்றோருள் 27.4 வீதத்தினரும் குணங்கண்டனர். நோயாளர் பெற்ற ஆறுதல் மெய்யானது. ஆனால் அதற்குப் புள்ளிகளின் வரைபடமே காரணமென்பதை இம்முடிவு உறுதிப்படுத்தவில்லை. தொடுகை, கவனிப்பு, நம்பிக்கை ஆகியவற்றின் பங்கும் எண்ணப்படல் வேண்டும்.

மரபு மருத்துவத்தைப் பழமையென்று போற்றுவதும் பழமையென்று தூற்றுவதும் ஒரே தவறின் இரு பக்கங்களாம். ஊசி மருத்துவம் நிலைத்தது மாறாமல் நின்றமையாலன்று. தன்னைத் திருத்திக்கொள்ளத் துணிந்தோர் அதற்குள்ளேயே தோன்றியமையாலாகும். அத்துணிவை நீக்கிவிட்டு எஞ்சியதை மட்டும் போற்றுவது அம்மரபுக்குச் செய்யும் மரியாதையாகாது.