பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் பட்ட பாடு

காலாண்டு விடுமுறை முடிந்து ப்ளஸ் ஒன் மாணவன் பள்ளிக்குத் திரும்புகிறான். கையில் இருப்பது பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் புத்தகம். முதல் பாடம் நிலைமின்னியல். நியூட்டனின் விதிகளைச் சொல்லித் தரும் பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் அட்டை கசங்காமல் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. தமிழ்நாட்டின் பல தனியார் பள்ளிகளில் நெடுங்காலம் இதுதான் வழக்கம். இரண்டு ஆண்டுப் படிப்பில் முதல் ஆண்டை அவசரமாக ஒதுக்கிவிட்டு, இரண்டாம் ஆண்டுப் புத்தகத்தையே இரண்டு வருடமும் உருப்போடுவார்கள். இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடினால், ஒரு பொதுத்தேர்வு போய், வந்து, மறுபடியும் போன கதைதான் கிடைக்கிறது.

பழைய தலைமுறைக்குப் பதினொன்றாம் வகுப்பு பள்ளியின் கடைசி வகுப்பு. எஸ்.எஸ்.எல்.சி. பொதுத்தேர்வே அங்கேதான். தேறியவர்கள் கல்லூரியில் ஓராண்டு பி.யு.சி. படித்து, அதன் பிறகு பட்டப்படிப்புக்குப் போனார்கள். 1964-66இல் இயங்கிய கோத்தாரி கல்விக் குழு 10+2+3 என்ற அமைப்பைப் பரிந்துரைத்தது. தமிழ்நாடு அதை 1978இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எஸ்.எஸ்.எல்.சி. பத்தாம் வகுப்புக்கு இறங்கியது. பி.யு.சி. போய், பள்ளிக்குள்ளேயே இரண்டு மேல்நிலை வகுப்புகள் முளைத்தன. முதல் ப்ளஸ் டூ பொதுத்தேர்வு 1980இல் நடந்தது.

அதுவரை பொதுத்தேர்வு வகுப்பாக இருந்த பதினொன்று, இப்போது பள்ளி அளவிலான தேர்வோடு முடிந்துபோகும் இடைவகுப்பாகிவிட்டது. பத்தாம் வகுப்பில் ஒரு பொதுத்தேர்வு, பன்னிரண்டில் ஒரு பொதுத்தேர்வு. நடுவில் யாரும் கேள்வி கேட்காத ஒரு வருடம். அதை 'ரெஸ்ட் இயர்' என்று சொன்ன மாணவர்களும் உண்டு.

அந்த வருடத்தை முதலில் கவனித்தது கட்-ஆஃப் கணக்குப் போட்டவர்கள். ப்ளஸ் டூ மொத்தம் 1200 மதிப்பெண், பாடத்துக்கு 200. பொறியியலுக்குக் கணிதத்தை 100க்கும், இயற்பியலையும் வேதியியலையும் தலா 50க்கும் சுருக்குவார்கள். 1984இல் தொடங்கிய தொழிற்கல்வி நுழைவுத்தேர்வு இருந்தவரை அதன் 100 மதிப்பெண்ணும் சேர்ந்து கட்-ஆஃப் 300 ஆக இருந்தது. 2007 சேர்க்கையில் நுழைவுத்தேர்வு நீங்கியதும் 200 மட்டும் மிஞ்சியது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய கதவைத் திறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் எல்லாச் சுமையும் ப்ளஸ் டூ மதிப்பெண் மீதே வந்து விழுந்தது. இயற்பியலில் ஒரு மதிப்பெண் போனால் கட்-ஆஃபில் கால் குறையும். அந்தக் கால் மதிப்பெண்ணுக்குள் நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்ணோ அந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

வினாத்தாளும் அதற்கேற்ப அமைந்தது. பழைய பாடத்திட்டத்தின் கணித வினாத்தாளை எடுத்துக்கொள்ளலாம். ஒரு மார்க் 40, ஆறு மார்க் 10, பத்து மார்க் 10. ஆக மொத்தம் 200. இயற்பியல் எழுத்துத் தேர்வு 150க்கு: ஒரு மார்க் 30, மூன்று மார்க் 15, ஐந்து மார்க் 7, பத்து மார்க் 4. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க் கேள்வி எத்தனை வரும் என்பதை 'ப்ளூ பிரிண்ட்' முன்கூட்டியே சொல்லிவிடும். இந்த இரண்டு பாடத்தை விட்டாலும் பத்து மார்க் கேள்விகள் முழுவதையும் எழுதிவிடலாம் என்று ஆசிரியர்கள் கரும்பலகையிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

ஒரு மார்க்குக்கு 'புக் பேக்' இருந்தது. பாடத்தின் முடிவில் உள்ள கேள்விகளை விடையோடு மனப்பாடம் செய்வது. கணிதத்தில் மிச்சத்துக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகம் வெளியிட்ட 'கம் புக்'. வினாத்தாள் ஏ, பி என்று இரண்டு வகையாக வந்து வரிசை மாறியிருக்கும் என்பதால், கேள்வி எண்ணை நம்பாமல் விடையின் முதல் சொல்லை நினைவில் வைக்கப் பழகினார்கள். திருப்புதல் தேர்வு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஜனவரியிலிருந்து ஓடும். நாளிதழ்கள் மாதிரி வினாத்தாள்களை அச்சிட்டன. வீட்டில் பெற்றோர் அவற்றைக் கத்தரித்துக் கோத்து வைத்தார்கள்.

இதில் நல்லதே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. கடிகாரத்தை எதிரில் வைத்து மூன்று மணி நேரம் எழுதிப் பார்க்கும் பழக்கத்தை இந்தத் திருப்புதல் தேர்வுகளே கொடுத்தன. ஒரு தேற்றத்தை வாசித்துத் தலையசைப்பதற்கும், புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் எழுதுவதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பது அப்படி எழுதிப் பார்த்த எவருக்கும் தெரியும். அன்றைய தேர்வறையில் விடைத்தாளும் உதிரியாக இருந்தது. 'அடிஷனல் ஷீட்' கேட்டு வாங்கி, பக்க எண் போட்டு, கடைசி மணி அடித்ததும் வெள்ளை நூலால் கட்டிக் கொடுக்க வேண்டும். கை நடுங்க நூல் கட்டிய அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தை அந்தத் தலைமுறை மறந்திருக்காது. தைத்த விடைப் புத்தகமும் மாணவர் படமும் பார்கோடும் வந்ததெல்லாம் 2014 வாக்கில்தான்.

பயிற்சி நல்லதுதான். அடித்தளம் இல்லாமல் அதைச் செய்ததுதான் கேடு. வகையீட்டின் அடிப்படையைப் பதினொன்று சொல்லித் தருகிறது. அதன் பயன்பாடு பன்னிரண்டில் வருகிறது. முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதைப் படித்தவன், பெருமம் சிறுமம் காணும் பத்து மார்க் கணக்கை வரி பிசகாமல் எழுதுவான். கணக்கில் உருளைக்குப் பதில் கூம்பு வந்தால் பேனா நின்றுவிடும். வேதியியலில் மோல் கருத்தும் அப்படித்தான். கணிதத்தில் சென்டம் வாங்கியவர்கள் பொறியியல் முதலாண்டுக் கணிதத்தில் தடுமாறுகிறார்கள் என்று கல்லூரி ஆசிரியர்கள் ஆண்டுதோறும் சொல்லி வந்தார்கள்.

2017இல் நீட் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. அந்தத் தேர்வு இரண்டு வகுப்புகளின் பாடத்தையும் சேர்த்துக் கேட்கிறது. நீட் வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கு வேறு. பதினொன்றைத் தொடாமல் வந்த பிள்ளைக்குப் பாதி வினாத்தாள் அந்நியமாக இருந்தது என்பது அந்த வழக்கைத் தாண்டிய உண்மை.

அதே ஆண்டில் அரசு பெரிய மாற்றங்களை அறிவித்தது. பொதுத்தேர்வு முடிவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கம் நின்றது. பாடத்துக்கு 200 என்பது 100 ஆகி, மொத்தம் 600க்கு வந்தது. பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது. முதல் தேர்வு 2018 மார்ச்சில். கல்வியாளர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் அமைந்த குழுவின் வழிகாட்டலில் உருவான புதிய பாடத்திட்டத்தின்படி 2018இல் பதினொன்றுக்கும், 2019இல் பன்னிரண்டுக்கும் புதுப் புத்தகங்கள் வந்தன. ப்ளூ பிரிண்டும் விடைபெற்றது. நாற்பது ஆண்டுக்குப் பிறகு அலமாரியில் கிடந்த புத்தகம் மேசைக்கு வந்தது.

அரசு முதலில் சொன்னபடி இரண்டு ஆண்டு மதிப்பெண்ணும் சேர்ந்து 1200க்குக் கணக்கிடப்பட்டிருந்தால் அந்தப் புத்தகம் மேசையிலேயே நிலைத்திருக்கும். 2018 செப்டம்பரில், உயர்கல்விச் சேர்க்கைக்குப் பன்னிரண்டின் 600 மட்டும் போதும் என்று அரசு அறிவித்தது. சுமையைக் குறைக்கும் நோக்கம் புரிகிறது. ஆனாலும் அந்த அறிவிப்போடு பதினொன்றின் பிடி தளர்ந்தது. அது தேர்வாகத் தொடர்ந்தது. 'பாஸ் பண்ணினால் போதும்' என்ற தேர்வாக.

ஒரே ஒரு முறை அதன் மதிப்பெண்ணுக்கு எதிர்பாராத கனம் கிடைத்தது. கொரோனாவால் 2021இல் ப்ளஸ் டூ தேர்வு ரத்தானது. பத்தாம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடு, பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டின் அக மதிப்பீடு, செய்முறை ஆகியவற்றிலிருந்து 30 என்று கணக்கிட்டு மதிப்பெண் தந்தார்கள். 2020 மார்ச்சில் எழுதிய பதினொன்றாம் வகுப்புத் தேர்வு இப்படிப் பயன்படும் என்று அந்த மாணவர்கள் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள்.

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை, பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்குவதாக அறிவித்தது. 2025-26 கல்வியாண்டிலிருந்து பள்ளி அளவிலான தேர்வு மட்டும்தான். அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் பொதுத்தேர்வு எழுதிய பிள்ளைகளின் களைப்பை நினைத்தால் இந்த முடிவில் இரக்கம் இருக்கிறது. 1978இல் திறந்த அதே ஓட்டையும் மறுபடி திறந்திருக்கிறது.

ஆகவே பெற்றோர் ஒரு வேலை செய்ய வேண்டும். பிள்ளை ப்ளஸ் ஒன் சேர்ந்த ஆண்டின் அரையாண்டு விடுமுறையில் பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். ஓரங்களில் பென்சில் குறிப்பும், விளிம்பில் கை அழுக்கும் இருந்தால் கவலையில்லை. புதுத்தாள் வாசனை இன்னும் போகாமல் இருந்தால், மறுநாளே பள்ளிக்குப் போய்க் கேளுங்கள்.