“அடிக்கிறவரோ? இல்லைத்தானே?”: உளக் காயத்துக்குச் சிகிச்சை தேடுவோருக்கு

“அவர் அடிக்கிறவரோ?” கணவரால் மனம் நொந்த பெண் உதவி தேடப் புறப்பட்டால், வீட்டார் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் இதுதான். இல்லை என்று சொன்னால் கதை அதோடு முடிந்துவிடும். நாள்தோறும் இழிவாகப் பேசுவது, வாரக்கணக்கில் பேசாமலிருந்து தண்டிப்பது, தாய் வீட்டுக்குப் போகவிடாமல் தடுப்பது, செலவுக்குக் காசு கேட்டுக் கெஞ்ச வைப்பது எல்லாம் ‘குடும்பம் எண்டால் அப்பிடித்தான்’ என்ற ஒற்றை வசனத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

நாட்டின் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், உடல் வன்முறையோடு உணர்வு ரீதியான துன்புறுத்தலையும் வன்முறையாகவே வரையறுக்கிறது. கொடூரமான, இழிவுபடுத்தும் நடத்தை பாரதூரமான அளவில் தொடர்ந்து நிகழ்வதே அது. பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். துன்புறுத்தியவர் உளவளத்துணைக்கோ உளச்சிகிச்சைக்கோ செல்லவேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிடவும் இச்சட்டத்தில் இடமுண்டு. இதில் ஆண், பெண் பேதமில்லை. மகனின் வாய்க்குப் பயந்து அறைக்குள்ளேயே இருக்கும் வயோதிபத் தந்தைக்கும் இது பொருந்தும்.

ஆனால், கட்டளை வேறு, ஆறுதல் வேறு. பெண்களை அழைத்துக்கொண்டு வைத்தியசாலைகளுக்கும் பிரதேச செயலகங்களுக்கும் போய்வருகிறவள் என்ற வகையில், அந்த இரண்டாவதைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் போகக்கூடிய இடம், அரச வைத்தியசாலைகளில் இயங்கும் ‘நட்பு நிலையம்’. சிங்களத்தில் ‘மிதுறு பியச’ என்பார்கள். வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே சுகாதார அமைச்சு ஏற்படுத்திய பிரிவு இது. எல்லா வைத்தியசாலைகளிலும் இல்லை, விசாரித்துப் போகவேண்டும். பொலிஸ் முறைப்பாடு இல்லாமலே போகலாம். எனக்கு இதில் பிடித்த விடயம், ‘ஆஸ்பத்திரிக்குப் போறன்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டைவிட்டு வெளிக்கிடலாம் என்பது.

வைத்தியசாலை உளநலப் பிரிவு அடுத்தது. நித்திரையின்மை, நெஞ்சு இறுக்கம், மாறாத தலையிடி என்று வெளிநோயாளர் பிரிவுக்குப் போய்ப் பனடோலோடு திரும்புகிறவர்கள் ஏராளம். வைத்தியரிடம் வீட்டு நிலைமையை ஒரு வசனத்திலாவது சொன்னால், உளநலப் பிரிவுக்கு அனுப்புவதற்கு வழி பிறக்கும். அங்கே மாத்திரை தந்தால், மனச்சோர்வுக்கான மருந்து வேலைசெய்யத் தொடங்கச் சில வாரங்கள் எடுக்கும் என்பதை நினைவில் வைத்திருங்கள். இடையில் தாமாக நிறுத்தக்கூடாது.

பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், சேவை இலவசம். யாழ்ப்பாணத்தில் சாந்திகம் போன்ற நிறுவனங்களும் இருக்கின்றன. தொலைபேசியில் பேசத்தான் முடியும் என்றால் 1926 தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். தமிழில் பேசவேண்டும் என்று தொடக்கத்திலேயே கேளுங்கள்.

இனி முக்கியமான விடயம். நம்மூரில் உளவளத்துணை என்ற பெயரில் நடப்பதில் ஒரு பகுதி, உண்மையில் ‘சேர்த்து வைத்தல்’. இருவரையும் எதிரெதிரே இருத்தி, பிள்ளைகளின் எதிர்காலத்தைச் சொல்லி, அவளைக் கொஞ்சம் பொறுத்துப்போகச் சொல்வார்கள். துன்புறுத்தல் தொடரும்போது இப்படிச் செய்வது ஆபத்தானது. அந்தக் கதிரையில் அவள் சொன்ன உண்மைக்கு அன்றிரவே வீட்டில் பதில் கிடைக்கும். மத்தியஸ்த சபை பிணக்குத் தீர்க்கும் இடம், சிகிச்சை தரும் இடமல்ல. சிகிச்சை தருபவர் உங்களைத் தனியாகச் சந்திப்பார். பிரிவதா இருப்பதா என்ற முடிவை உங்களிடமே விடுவார்.

அதனால் முதல் நாளிலேயே மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்வேன். நீங்கள் எங்கே பயிற்சி பெற்றீர்கள்? நான் சொல்வது யாருக்குப் போகும்? இப்படிப்பட்டவர்களோடு முன்பு வேலை செய்திருக்கிறீர்களா? உயிராபத்து இருந்தால் மட்டும் இரகசியம் காக்க முடியாது என்பதை நல்ல உளவளத்துணையாளர் தாமே சொல்லிவிடுவார். மூன்று நான்கு தடவை போயும் குற்றவாளியைப் போலவே உணர்கிறீர்களென்றால், ஆளை மாற்றக் கேட்பதில் பிழையில்லை.

அமெரிக்க உளமருத்துவர் ஜூடித் ஹேர்மன் 1992இல் வெளியிட்ட நூலில், மீட்சியை மூன்று கட்டங்களாக விளக்கினார். முதலாவது பாதுகாப்பு. நடந்ததை நினைவுகூர்ந்து துக்கப்படுவது அதற்குப் பிறகே. மூன்றாவது மற்றவர்களோடு மீண்டும் இணைவது. முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டச் சொல்லாமல், நித்திரையையும் சாப்பாட்டையும், இரவில் பயந்தால் ஓடிப்போக ஒரு வீடு இருக்கிறதா என்பதையும் விசாரிப்பவர் சரியான வழியில்தான் போகிறார். ‘கதைச்சு என்ன வந்தது’ என்று இரண்டாம் கிழமையோடு நிறுத்தியவர்களைக் கண்டிருக்கிறேன். மாதக்கணக்கில் எடுக்கும் வேலை இது.

பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் உளத்தாக்கம் பற்றித் தமிழில் எழுதிய நூலுக்கு ‘மனவடு’ என்று பெயர். போர் தந்த வடுவை ஏற்றுக்கொண்ட நமது சமூகம், வீட்டுக்குள் விழும் வடுவுக்கு இன்னும் சாட்சி கேட்கிறது.

கடைசியாக ஒரு சின்ன விடயம். வீட்டில் கைபேசியைச் சோதிப்பவர்கள் இருந்தால், அழைத்த இலக்கத்தை உடனே அழித்துவிடுங்கள். கிளினிக் கொப்பியை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதென்றால் நம்பிக்கையான சகோதரியிடமோ சிநேகிதியிடமோ கொடுத்துவைக்கலாம். அடுத்த திகதியை மட்டும் மனதில் வைத்திருந்தால் போதும்.