“விபத்து” என்ற சொல்லும் வேலையாளர் நட்டஈடும்: மேன்முறையீட்டு வரலாற்றில் ஒரு பகுதி

நட்டஈட்டுச் சட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சட்டங்கள் நிறைவேறிய ஆண்டுகளையே வரிசைப்படுத்திச் செல்வர். சட்டம் நிறைவேறிய பின்னர், காயமுற்ற தொழிலாளி ஒருவனின் கோரிக்கை கீழ் நீதிமன்றத்தில் மறுக்கப்பட்டபோது அவன் எங்கே சென்றான், அங்கே எதைப் பற்றி வாதிட்டான் என்பன அவ்வளவாக ஆராயப்படுவதில்லை. பிரித்தானியாவின் 1897ஆம் ஆண்டு வேலையாளர் நட்டஈட்டுச் சட்டத்தை அடுத்தெழுந்த மேன்முறையீடுகளை இக்கண்ணோட்டத்தில் நாம் நோக்க விரும்புகிறோம். அச்சட்டத்தின் மையமான சொற்றொடரே பிற்காலத்தில் இலங்கைச் சட்டத்திலும் இடம்பெற்றமையால், இது எமக்குப் புறம்பான செய்தியன்று.

முதலில் 1837ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். இறைச்சிக்கடை முதலாளி ஒருவரிடம் வேலைசெய்த இளைஞன், அளவுக்கு மிஞ்சிப் பாரமேற்றப்பட்ட வண்டி முறிந்ததால் தொடையெலும்பு உடைந்தான். லிங்கன் நகரில் வழக்கைக் கேட்ட ஜூரர் அவனுக்கு 100 பவுண் வழங்கினர். எக்ஸ்செக்கர் நீதிமன்றத்தில் அபிங்கர் பிரபு அதனை ஏற்கவில்லை. இத்தகைய பொறுப்பை எசமானர்மீது சுமத்தினால், பணிப்பெண் ஈரமான படுக்கையைத் தந்தமைக்கும் எசமானரே இன்னொரு பணியாளுக்குப் பதில் சொல்ல நேரிடும் என்று அவர் அஞ்சினார். முறிந்த எலும்புக்கு விடையாக ஈரப்படுக்கை முன்வைக்கப்பட்டது! பிறீஸ்ற்லி எதிர் பௌலர் எனப்படும் இத்தீர்ப்பே, சக தொழிலாளியின் தவறுக்கு முதலாளி பொறுப்பாளியல்லர் என்ற கோட்பாட்டின் தோற்றுவாயாயிற்று. ஆபத்தைக் கண்டவன் வேலையை மறுத்திருக்கலாம் என்பது அதன் தர்க்கம். வேலையை மறுத்தவன் எதை உண்பான் என்ற வினா மன்றில் எழவில்லை.

1880ஆம் ஆண்டின் முதலாளிமார் பொறுப்புச் சட்டம் இக்கோட்பாட்டைச் சற்றே தளர்த்தியது. ஆனால் ஒப்பந்தத்தின் மூலம் அதிலிருந்து விலகிக்கொள்ள முதலாளிக்கு வழியிருந்தது. ஜோசப் சேம்பர்லேன் முன்னின்று நிறைவேற்றுவித்த 1897ஆம் ஆண்டுச் சட்டமே அடிப்படையை மாற்றியது. யாருடைய தவறு என்ற ஆராய்ச்சி இனித் தேவைப்படவில்லை. தொழிலிலிருந்து எழுந்து, தொழிலின்போது நேர்ந்த விபத்தாயிருத்தல் போதும். உழைக்கவியலாதவனுக்கு அவனது சராசரி வாரக் கூலியின் அரைப்பங்கு, ஒரு பவுணுக்கு மேற்படாமல், வழங்கப்படும். புகையிரதப் பாதை, தொழிற்சாலை, சுரங்கம் முதலிய சில தொழில்களுக்கே அது முதலில் ஏற்புடையதாயிற்று. பிணக்கு நேர்ந்தால் நடுத்தீர்ப்பு. அதன்மீது சட்ட வினா பற்றி மட்டும் மேன்முறையீடு. வழக்காடாமலே நிவாரணம் பெறுதல் என்பதே நோக்கம் எனப்பட்டது. நடந்ததோ வேறு. சட்டத்தின் ஒவ்வொரு சொல்லும் வழக்காயிற்று. முதலாளிக்குப் பின்னால் பெரும்பாலும் காப்புறுதிக் கம்பனியும், தொழிலாளிக்குப் பின்னால், அவன் பேறு பெற்றவனாயின், தொழிற்சங்கமும் நின்றன.

கோரிக்கையை ஆறு மாதத்துள் விடுக்கவேண்டும் என்ற விதியைக் காட்டி, அதற்குள் வழக்கே தொடுக்கப்பட்டிருக்கவேண்டும் என வாதிட்டனர். முதலாளிக்கு அறிவித்தலே போதும் என 1900இல் பிரபுக்கள் சபை தீர்த்தது. இரு வாரமேனும் வேலை செய்யாதவனுக்குச் “சராசரி” வாரக் கூலி ஏது என்று வாதிட்டனர். 1901இல் அதுவும் நிராகரிக்கப்பட்டது. இரு வழக்குகளிலும் இடைநின்ற மேன்முறையீட்டு நீதிமன்றம் தொழிலாளிக்கு எதிராகவே தீர்த்திருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவற்றினும் முக்கியமானது 1903ஆம் ஆண்டில் முடிவுற்ற பென்ரன் எதிர் தோர்லி வழக்கு. கால்நடைத் தீன் தயாரிக்கும் ஆலையொன்றில் இயந்திரத்தின் சக்கரமொன்று இறுகித் திரும்ப மறுத்தது. தொழிலாளி சக தொழிலாளி ஒருவனைத் துணைக்கழைத்து, இருவரும் முழுப்பலத்துடன் திருப்பினர். உள்ளே ஏதோ கிழிவதுபோல உணர்ந்தான், குடலிறக்கம் ஏற்பட்டிருந்தது. அவன் வழுக்கவில்லை, விழவில்லை, இயந்திரமும் உடையவில்லை. ஆகவே இது “விபத்து” அன்று என்றன கீழ் நீதிமன்றங்கள். சக்கரம் உடைந்திருந்தால் விபத்து. மனிதன் உடைந்தால் விபத்தன்று என்பதே அதன் பொருள். பிரபுக்கள் சபை இதனை மாற்றியது. எதிர்பாராததும் கருதிச் செய்யப்படாததுமான தீங்கு எதுவும் விபத்தே. பாரந்தூக்கும்போது முதுகு பிடித்துக்கொள்வதையும் சாதாரண மக்கள் விபத்தென்றே சொல்வர் என மக்னோற்றன் பிரபு விளக்கினார். சட்டச் சொல்லின் பொருளைத் தொழிலாளர் பேச்சுவழக்கிலிருந்து எடுத்தமையே இத்தீர்ப்பின் சிறப்பெனக் கருதுகிறோம். அபிங்கர் பிரபு அமர்ந்த வர்க்கத்தையே சேர்ந்தவர்தாம் இவரும். எனவே நீதிபதியின் வர்க்கத்தை மட்டுங்கொண்டு தீர்ப்பை விளக்குவது போதாது.

இவ்வெற்றிகளைக் கொண்டு மேன்முறையீட்டைப் புகழ்ந்துவிடவும் முடியாது. வழக்கு மூன்று படிகளைக் கடக்கும்வரை காயமுற்றவனின் வீட்டில் அடுப்பெரியவேண்டும். கம்பனிக்குத் தாமதம் ஒரு செலவினம். அவனுக்கு அது பசி. குறைந்த தொகைக்கு இணங்கிக் கையொப்பமிட்டவர்கள் சட்ட அறிக்கைகளில் இடம்பெறுவதில்லை. நாம் படிக்கும் வழக்குகள் காத்திருக்க இயன்றவர்களின் வழக்குகளே. இந்தியாவின் 1923ஆம் ஆண்டுச் சட்டத்திற் பின்னர் சேர்க்கப்பட்ட விதியொன்று இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது: தீர்க்கப்பட்ட தொகையை ஆணையாளரிடம் வைப்பிலிட்ட பின்னரே முதலாளி மேன்முறையீடு செய்யலாம்.

பிரித்தானியா 1946இல் இம்முறையையே கைவிட்டது. 1948 யூலை முதல் தொழிற் காயம் சமூகக் காப்புறுதியின் பாற்பட்டது. பிணக்குகள் நீதிமன்றங்களை விட்டுத் தீர்ப்பாயங்களுக்குச் சென்றன. சக தொழிலாளிக் கோட்பாடும் அதே ஆண்டில் ஒழிக்கப்பட்டது. இலங்கையிலோ 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1897ஆம் ஆண்டின் அதே சொற்றொடரைத் தாங்கி வந்தது; ஆணையாளரின் கட்டளைமீது சட்ட வினா பற்றியே மேன்முறையீட்டுக்கு இடமளித்தது. முதலாளி நேரே பொறுப்பேற்கும் அம்முறை இங்கு இன்றும் நிலவுகிறது. வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்து 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமே அதனுட் சேர்க்கப்பட்டது.